இருளாயியின் கட்டைவிரல்

“விரலை நீட்டு!”

எஸ்டேட் கணக்கெழுதும் கிராணி ஸ்கந்தராஜா தட்டிய தட்டில் மேசைமேல் இருந்த மைப்பெட்டி துள்ளியது. இருளாயி கட்டைவிரலை முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டாள். அழுதழுது கண் வீங்கியிருந்ததே தவிர, பிடிவாதத்துக்குக் குறைச்சல் இல்லை.

நாடு நாடாகச் சுற்றிய காலரா சிம்பாங் பூலாய் வரை வந்துவிட்ட வருடம் அது. கக்கூஸில் ஊற்றச் சொல்லி, எஸ்டேட் ஆபிஸில் வீட்டுக்கு ஒரு பாட்டில் மருந்து கொடுத்தார்கள். மருந்து அடைக்கும் டின் வரும்வரை காத்திருப்பானேன் என்று காலி ஆரஞ்சு பாட்டிலில் ஊற்றிக் கொடுத்த மகா யோசனை கிராணியுடையது.

நேற்று மத்தியானம் இருளாயி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோதுதான் அது நடந்தது. சாப்பாட்டு மேசைமேல் இருந்த பாட்டிலை எட்டி எடுத்து, மூன்று வயதுப் பிள்ளை ஆரஞ்சு என்றே குடித்துவிட்டது. உயிருக்குப் பயமில்லை என்றாலும், வாயெல்லாம் வெந்து ஈப்போ ஆஸ்பத்திரியில் கிடக்கிறது. இடுப்பில் தூக்கிவைத்துச் சோறூட்டிய பிள்ளை.

“அதுல என்னா எழுதியிருக்கு?”

“மருந்தைக் கவனமில்லாமல் வைச்சது நீதான் எண்டு. வேறென்ன?”

ஆட்களை வேலை வாங்கும் மண்டோர் சன்னாசி அவள் காதருகே குனிந்தார். “வச்சிட்டுப் போயேன்லா. இல்லாட்டி பேரு வெட்டிருவாங்க. எஸ்டேட்டு குடுத்த லயத்து வீடும் போயிரும்.”

“போவட்டும்ணே. செய்யாத தப்புக்குக் கைநாட்டு வைக்க மாட்டேன்.”

விசாரிக்க மேனேஜர் வந்துகொண்டிருந்தார். அதற்குள் காரியத்தை முடித்துவிடக் கிராணி பறந்தார்.

“போத்தலில நஞ்சு எண்டு இங்கிலீசில ஒட்டினனான்தானே! எல்லாம் படிப்பறிவில்லாத சனத்தால வந்த வினை!”

அந்தச் சொல்தான் அவளைச் சுட்டது. முந்தானையை உதறி இடுப்பில் செருகிக்கொண்டு நிமிர்ந்தாள்.

“படிக்காத சனம் நாங்க, லயத்துல நாப்பது வீட்லயும் அதக் கூரைக் கம்புல கட்டித் தொங்க விட்டிருக்கோம். எங்க வீட்லயும் அங்கதான் தொங்குது, வந்து பாருங்க.”

கிராணி வாயைத் திறந்தார். அவள் விடவில்லை.

“பாத்திரம் கழுவத்தான் உங்க வீட்டுக்கு வாரேன், ஐயா. பாட்டிலக் கொண்டாந்து மேசையில வச்சது நீங்க, குடிச்சது உங்க மகன்!”