வெள்ளைச்சீலை

பஸ் கொழிஞ்சாம்பாறை தாண்டியதும், ஜன்னல் வழியே பார்த்த தமிழ்ப்ரியா சட்டென எழுந்துவிட்டாள். காட்டில் அம்மா ராமாத்தாள் வெள்ளைச்சீலையில் நின்றாள். முந்தாநாள்தான் அப்பா வெயிலில் மயங்கி விழுந்தார். காலையிலிருந்து போனை எடுக்கவே இல்லை.

இறங்கி, வரப்பில் விழுந்தடித்து ஓடினாள்.

"அம்மா! எனக்கு ஏன் சொல்லல? அப்பா எப்போ..."

"என்னத்தடி சொல்றது? நீதான சொன்ன, கருங்கலர் சீலை வெயிலை இழுக்கும், வெளுப்பாக் கட்டுன்னு?"

தென்னை நிழலிலிருந்து அப்பா மோர்ச்சொம்போடு எழுந்து வந்தார்.

"போனை ஊட்டுலயே வெச்சுட்டேன் கண்ணு. நீயும் துக்கம் கேக்கத்தான் வந்தியா? காத்தாலயிருந்து ஊரே வந்துட்டுப் போகுது."

அவர் சிரித்தார். ராமாத்தாள் சிரிக்கவில்லை. களைக்கொத்தை ஓங்கி மண்ணில் போட்டாள்.

"எனக்கு வெயில் சுடாம இருக்கோணும்னா, இந்த மனுசன் சாகோணுமா?"