பௌர்ணமி பாஸ்வேர்ட்

“சனியன், சுத்திக்கிட்டே இருக்குது பாரு!”

கவிநிலா லேப்டாப்பை அடிக்காத குறைதான். ஐந்து மணிக்கு ஆன்லைனில் இன்டர்வியூ. மெயில் வந்ததே மத்தியானம்தான். சென்னைக் கம்பெனியில் ஆட்களைக் குறைத்ததில் வேலை போய், அடி அண்ணாமலையில் அப்பா வீட்டுக்கு வந்து உட்கார்ந்திருக்கிறாள். இதையும் விட்டால் அடுத்து யார் எப்போது கூப்பிடுவார்களோ!

செல்போன் நெட்டை லேப்டாப்புக்குக் கொடுக்கலாம் என்றால், இன்றைக்கென்று பார்த்துப் பௌர்ணமி. வாசலில் கிரிவலக் கூட்டம் நெருக்கியடித்துக்கொண்டு போகிறது. அத்தனை பேர் கையிலும் போன். டவர் எப்படித் தாங்கும்? வீட்டு வைஃபையை விட்டால் வேறு கதியில்லை.

ரவுட்டரை அணைத்துப் போட்டாள். லேப்டாப்பில் வைஃபையை எடுத்துவிட்டுப் புதுசாகச் சேர்த்தாள். ஊஹூம். நெட் கொடுத்தவரிடம் கேட்கலாம் என்றால், போன் போனால்தானே?

கடைசியில் ரவுட்டரின் செட்டிங்ஸைத் திறந்து, யார் யார் அதில் சேர்ந்திருக்கிறார்கள் என்று பார்த்தாள். ரத்தம் தலைக்கேறியது.

இந்த வீட்டில் இருப்பது அவள் போன், அப்பா போன், ஒரு லேப்டாப். இங்கேயோ திரையைத் தள்ளத் தள்ள, பேர் தெரியாத போனெல்லாம் வந்துகொண்டே இருக்கிறது!

“எவன்டா அது, ஓசி நெட்டுல கூத்தடிக்கிறது?”

ஜன்னலில் எட்டிப் பார்த்தாள். எதிரே ஆதிமூலம் டீக்கடை. சுற்றி ஒரு கும்பல், எல்லோர் தலையும் போனுக்குள். விலைப் பலகையில் டீ, காபி, பாலுக்குக் கீழே, சாக்பீஸால் கொட்டை எழுத்தில் அவள் வீட்டு பாஸ்வேர்ட். அப்பா ஆசையாக வைத்த பாஸ்வேர்ட், அவள் பேரேதான்!

செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினாள்.

“என்னா மாமா இது? யார் வீட்டு நெட்டுல யார் டீ விக்கறது?”

ஆதிமூலம் வடிகட்டியும் கையுமாகத் திகைத்து நின்றார். “அது வந்தும்மா...”

“வைஃபை இருக்குன்னா கூட்டம் ஜாஸ்தி வரும், வியாபாரம் ஆவும். நல்லா இருக்குது உங்க ஐடியா! எங்கப்பாவுக்குத் தெரிஞ்சா என்னா நெனைப்பாரு? கூடப் பொறந்தவர் மாதிரி பழகறாரே உங்ககிட்ட!”

கும்பல் மொத்தமும் திரும்பிப் பார்த்தது. பெஞ்சில் இருந்த ஒரு வயசான அம்மா மட்டும் திரும்பவில்லை. போனை முகத்துக்கு நேரே பிடித்து உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். கவிநிலாவுக்கு வயிறு எரிந்தது.

“எனக்கு அஞ்சு மணிக்கு இன்டர்வியூ மாமா! இங்க உக்காந்து சீரியல் பாக்கறதுக்கா நாங்க நெட்டு போட்டிருக்கோம்?”

“இன்டர்வியூவா? எனக்குத் தெரியாதும்மா. அந்த அம்மா மட்டும் ஒரு அஞ்சு நிமிஷம்...”

“எனக்கு இருக்கறதே அஞ்சு நிமிஷம்தான்!”

ஆதிமூலம் பெஞ்சைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். அப்புறம் தோளில் கிடந்த துண்டை எடுத்துப் பலகையைத் துடைத்தார்.

“தப்புதாம்மா. நீ போய் பாஸ்வேர்டை மாத்திக்க. இன்டர்வியூவை நல்லா பண்ணு.”

‘மாட்டிக்கிட்டதும் நல்லவர் வேஷம்!’ என்று முணுமுணுத்தபடி வந்து பாஸ்வேர்டை மாற்றினாள். அவ்வளவுதான், நெட் பறந்தது.

இன்டர்வியூவும் பிரமாதம். முடிக்கும்போது, “அடுத்த வாரமே வந்து சேர முடியுமா?” என்று கேட்டார்கள்.

சந்தோஷம் தாங்காமல் வாசலுக்கு வந்தாள். எதிரே டீக்கடை சாத்திக் கிடந்தது. பௌர்ணமி என்றால் விடிய விடியத் திறந்திருக்கும் கடை!

‘நாலு வார்த்தை கேட்டா இவ்வளவு ரோஷமா? சரிதான் போ.’

கீழ்பென்னாத்தூர் எண்ணெய் மில்லிலிருந்து அப்பா பலராமன் அப்போதுதான் வந்தார். பஸ்ஸை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்களாம், நடந்தே வந்திருக்கிறார். வேலை கிடைத்துவிடும் போலிருக்கிறது என்று மகள் சொன்னதும், மலையைப் பார்த்துக் கும்பிட்டார். கண் கலங்கிவிட்டது மனுஷனுக்கு.

“ஆதிமூலம் மாமா ஏம்ப்பா கடையைச் சாத்திட்டாரு?” ஒன்றும் தெரியாதவள் போலக் கேட்டாள்.

“வர்ற வழியில பாத்தேம்மா. ஒரு வயசான அம்மாவைக் கைப்பிடியா கூட்டிக்கிட்டுப் போறாரு. செய்யாறு பக்கமாம். கூட வந்தவங்களைக் கூட்டத்துல விட்டுடுச்சு. வேன் எந்த ரோட்டுல நிக்குதுன்னு ஊர்ல இருக்கற மகன்கிட்ட கேட்டுச்சாம். அவன் விசாரிச்சுச் சொல்றதுக்குள்ள நெட்டு போயிடுச்சு. அதான், ஒவ்வொரு ரோடா தேடிக்கிட்டிருக்காரு.”

“எந்த நெட்டுப்பா?”

“நம்ம வைஃபைதான். பௌர்ணமின்னா டவர் வேலை செய்யாது இல்ல? கூட்டத்துல பிரிஞ்சவங்க கடையாண்ட நின்னு அழுவாங்க, பாக்கவே பாவமா இருக்கும். மாசத்துல ஒரு நாள்தானேன்னு நான்தான் பலகையில எழுதிப் போடச் சொன்னேன்.”

பூமி பிளந்து அப்படியே உள்ளே போய்விடக் கூடாதா என்றிருந்தது அவளுக்கு. அத்தனை பேர் முன்னால் அத்தனை பேச்சு பேசினாளே, ‘உங்கப்பாதாம்மா குடுத்தாரு’ என்று அந்த மனுஷன் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா!

“என்னைப் பத்தி... ஏதாச்சும் சொன்னாராப்பா?”

“சொன்னாரே. பாப்பா இன்டர்வியூவுல இருக்குது, போன உடனே கதவைத் தட்டித் தொந்தரவு பண்ணாதேன்னாரு. நெட்டு ஏதோ தானாவே கட் ஆயிடுச்சாம்... என்னான்னு கொஞ்சம் பாரேம்மா.”