கறுப்பு அட்டை

தெம்பனிஸ் பேருந்து நிலையத்தில் புகை அடங்கவில்லை. அடிபட்டுக் கிடந்தவர்களில் யாரை முதலில் ஆம்புலன்ஸில் ஏற்றுவது என்று அட்டை கட்டிக்கொண்டே வந்த நிரஞ்சனா, தன் மேலதிகாரி சேதுபதியின் அருகே நின்றாள். அவர் சட்டையெல்லாம் ரத்தம்.

கறுப்பு அட்டையை எடுத்தாள். கறுப்பு என்றால் இறந்தவர். கடைசியாகத்தான் தூக்குவார்கள்.

“எனக்கு உயிர் இருக்கு லா!”

“இதைக் கட்டிட்டா இல்ல, சார்.” அவர் மணிக்கட்டில் இறுக்கிக் கட்டினாள்.

தீயணைப்பு வீரர்கள் அட்டையைப் பார்த்துவிட்டுத் தாண்டிப் போனார்கள். ஆம்புலன்ஸ்காரர்களும் அப்படியே. போலீஸ் அவரைச் சுற்றி நாடா கட்டியது.

“எந்த டிபார்ட்மென்டும் ஒத்துப்போறதில்லன்னு மீட்டிங்ல கத்துவீங்களே சார். இன்னிக்குப் பாருங்க, எல்லாரும் ஒரே முடிவு!”

வெயில் ஏறியது.

“தண்ணியாவது குடு, நிரஞ்சனா. ப்ளீஸ்.”

“பிணம் பேசாது சார்.”

அவர் முகம் சுருங்கியது. அது அவர் சொன்ன வார்த்தை. போன வருட ஒத்திகையில் இதே தரையில் பிணமாக நடித்தவள் அவள். தலை சுற்றுகிறது, எழுந்துகொள்கிறேன் என்று கெஞ்சியவளுக்கு, கூட்டமே சிரிக்க ஒலிபெருக்கியில் அவர் தந்த பதில்.

இந்த வருடம் அதிகாரிகளும் நடிக்கட்டும் என்று மேலிடத்தில் யோசனை சொன்னது அவள்தான்.

அவர் கன்னத்தில் வழிந்த சிவப்புச் சாயத்தைத் துடைத்துவிட்டு எழுந்தாள்.

“சாப்பாட்டுக்கு அப்புறம் இன்னொரு ரவுண்டு இருக்கு சார். அதிலயும் நீங்கதான் பிணம்.”