நூற்றி இருபத்தேழாம் நாள்

"மவுத்தான ஆளு நான்தானே மாமி. நானே வந்து நிக்கிறேனே" என்று மூன்றாவது தடவையாகச் சொன்னான் முஹ்ஸின்.

மாமியார் றலியா கதவைப் பாதி திறந்து, மீதியைத் தன் உடம்பால் அடைத்துக்கொண்டு நின்றாள். முதலில் கண்டபோது "மகன்" என்று வாய்தவறிக் கூப்பிட்டவள்தான். மறுகணமே முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு சட்டம் பேசத் தொடங்கிவிட்டாள்.

"அவ இத்தாவுல ஈக்கிறா. ஆம்பள ஆரும் உள்ளுக்கு வரப்படாது."

இத்தாவாம். புருஷன் இறந்து மவுத்தாகிவிட்டால் பெண்சாதி வெள்ளை உடுத்து, ஆண்கள் கண்ணில் படாமல் நாலு மாதமும் பத்து நாளும் அறைக்குள் இருக்க வேண்டும். மொத்தம் நூற்றி முப்பது நாள். அது முடிந்தால் அவள் யாருக்கும் பெண்சாதியல்ல. கைரியாவுக்கு இன்று நூற்றி இருபத்தேழாம் நாள். எவனுக்காக இருந்தாளோ அவன் தகரப் பெட்டியும் கையுமாக வாசற்படியில் நின்றான்.

இந்தக் கூத்தை எங்கே போய்ச் சொல்வது. இவன் பட்டாளத்தில் இருந்த பஸ்றாவில் முஹ்ஸின் என்ற பெயரில் இன்னொருவன் காய்ச்சலில் போனான். பட்டாளத்து எழுத்தன் ஆளை மாற்றிப் பிடித்துக் கண்டிக்குத் தந்தி அடித்துவிட்டான். இந்தச் சனமும் தந்தியைக் கண்டதும் அழுது, இறந்தவனுக்கென்று கத்தம் ஓதி, சோறு ஆக்கிப் போட்டுவிட்டு ஓய்ந்துவிட்டது. ஒரு கடிதம் போட்டு விசாரிக்க ஒருத்திக்கும் புத்தியில்லை. கட்டுக்கலைச் சந்தில் புத்தியைத் தேடியது தன் பிழைதான் என்று முஹ்ஸின் பல்லைக் கடித்தான்.

அவன் என்ன லேசுப்பட்ட ஆளா. ஜெர்மன் சண்டையில் பட்டாளத்துக் கோவேறு கழுதைகளை மேய்த்தவன். சண்டை முடிந்த பிறகும் ஆற்றங்கரைக் கூடாரத்தில் இரண்டு வருஷம் கப்பலுக்காகக் காத்திருந்தான். அடுத்த கப்பல், அடுத்த கப்பல் என்று சொல்லிச் சொல்லியே துரைமாரை ஏற்றி அனுப்பிவிட்டு, இவனைக் கழுதைகளோடு விட்டுவைத்தார்கள். அதையெல்லாம் பொறுத்து ஊர் வந்து சேர்ந்தவனை இப்போது ஒரு கிழவியும், அவள் முதுகுக்குப் பின்னால் கைரியாவின் அறை வாசலில் தொங்கும் இரண்டு முழத் திரைச்சீலையும் மறிக்கின்றன.

கிழவியை ஒரு தள்ளுத் தள்ளினால் போதும். சந்து முழுவதும் சன்னலில் நின்றதால் பொறுத்துக்கொண்டான்.

கதவின் உட்புறத்தில் இரும்புத் தாழ்ப்பாள் ஒன்று எண்ணெய் போட்டு மினுங்கியது. அவன் இதற்கு முன் பார்த்திராதது. ஒரு குழந்தையின் கைப் பருமன் இருக்கும். இரண்டு பெட்டைகள் குடியிருக்கிற வீட்டில் எதைத் திருட எவன் வரப்போகிறான் என்று அவனுக்குச் சிரிப்பு வந்தது.

சத்தம் கேட்டுப் பள்ளிவாசல் லெப்பை வந்தார். இவனுக்கும் கைரியாவுக்கும் நிக்காஹ் முடித்துவைத்து, நெய்ச்சோறு தின்றுவிட்டுப் போன அதே லெப்பை. சின்ன வயதில் இவன் காதைத் திருகி ஓதிக் கொடுத்தவரும் அவர்தான். அப்படிப்பட்டவர் இவனை மேலும் கீழும் பார்த்தார். தாடியும் கறுத்த முகமுமாக இருக்கிறது, உருவத்தை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது என்றார். கடைசியில் ஒரு தீர்ப்பும் சொன்னார். திரைக்கு இந்தப் பக்கம் நின்று இவன் ஒரு வார்த்தை பேசட்டும். குரல் தெரியும் என்று கைரியா சொன்னால் இத்தா அந்தக் கணமே முறியும். வீட்டுக்குள் போகலாம்.

தெரியாமலா போகும். நாலு வருஷம் அந்தக் குரலுக்கு ஓடி ஓடி வேலை செய்தவள். சொன்னது விளங்க அவளுக்கு இரண்டு அடி வேண்டும் என்பது வேறு விஷயம். காது நல்ல காது.

என்ன பேசுவது என்று யோசித்தான். அவளுக்கும் தனக்கும் மட்டும் தெரிந்த ஏதாவது நல்ல சொல். தேடிப் பார்த்ததில் ஒன்றும் அகப்படவில்லை. பெண்சாதியிடம் இனிப்பாகப் பேச அவன் என்ன மிட்டாய்க்காரனா. தொண்டையைச் செருமிக்கொண்டு பழைய வழக்கப்படியே கத்தினான்.

"கைரியா, கதவத் தொறடி."

அந்தக் குரலை அங்கே அறியாதவர் இல்லை. எதிர்வீட்டுச் சன்னல் சாத்திக்கொண்டது. பிறகு அதற்கடுத்த வீட்டுச் சன்னலும்.

திரை அசையவில்லை. உள்ளேயிருந்து கைரியா பேசினாள். நடுக்கமே இல்லை. அவளுக்கு இப்படியொரு குரல் இருப்பதை அவன் அன்றைக்குத்தான் கேட்டான்.

"இந்தக் கொரல எனக்குத் தெரியா."

முஹ்ஸின் லெப்பையைத் திரும்பிப் பார்த்தான். அவர் படியில் கழற்றிவைத்த செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். இத்தனை வருஷமாக இவனை 'டேய்' என்று மட்டுமே கூப்பிட்டவர், முன்பின் தெரியாதவனிடம் பேசுவதுபோல மரியாதையாகச் சொன்னார்.

"கேட்டீங்கதானே, தம்பி. வேற எங்கயாவது போய் விசாரிங்க."

கதவு மூடியது. தாழ்ப்பாள் ஆறுதலாக நகர்ந்து பொருந்தும் சத்தம் கேட்டது.

முன்பு அந்தக் கதவுக்கு மரத் தாழ்ப்பாள்தான் இருந்தது. பட்டாளத்துக்குப் புறப்பட்ட அன்று, கதவைத் திறக்கச் சுணங்கினாள் என்று அவன் விட்ட உதையில் அது பெயர்ந்து கைரியாவின் நெற்றியில் அடித்தது. அவன் கப்பலேறிய கிழமையே மாமி ஆசாரியைக் கூப்பிட்டு இரும்பில் ஒன்று அடிக்கச் சொன்னாள். அன்றிலிருந்து வெள்ளிக்கிழமை தவறாமல் இருவரும் அதற்கு எண்ணெய் போட்டுவந்தார்கள்.