பெயர் அழித்த குரல்

உளவியல் இளங்கலை படிக்கும் ஜெனிஃபா, பேராசிரியர் கோமதியின் ஆய்வில் சேர மாதக்கணக்கில் கெஞ்சினாள். கடைசியில் கிடைத்தது, விடுதி மாணவிகளின் தனிமை பற்றிய பேட்டிகளைக் கேட்டுத் தட்டச்சு செய்யும் வேலை. பெயர்களை அழித்திருந்தார்கள். ஆனால் முதல் பதிவிலேயே அவளுடைய அறைத்தோழி சுகிர்தாவின் குரல்: “ரூம்மேட் நல்லவதான் மேடம். என்கிட்ட பேசத்தான் அவளுக்கு நேரமில்ல.”

“மேடம், இது எனக்குத் தெரிஞ்ச பொண்ணு.”

“யாருன்னு யோசிக்காத, டைப் மட்டும் பண்ணு. வெளிய மூச்சு விடக்கூடாது.”

எரிச்சலோடு முடித்துக் கொடுத்துவிட்டு அறைக்கு வந்தாள்.

“டீ குடிக்கப் போலாமாடி?”

சுகிர்தாவின் முகம் மாறியது. “திடீர்னு என்ன? கோமதி மேடம் ஏதாவது சொன்னாங்களா?”

ஜெனிஃபா வாய் திறந்தாள். பிறகு, “இல்லையே” என்றாள்.

“நீ போய்ட்டு வா” என்று சுகிர்தா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.