பார்ட்டி இல்லை

சுரங்கத்துக்குள் தண்ணீர் புகுந்துவிட்டதாகக் காலையில் ரேடியோ சொன்னதிலிருந்து செண்பகவல்லி மருந்துக்கடைத் தொலைபேசியின் அருகிலேயே நின்றிருந்தாள். கடைக்காரர் ஸ்டூலை நகர்த்திப் போட்டும் உட்காரவில்லை. அவள் கணவன் துரைக்கண்ணு அந்தச் சுரங்கத்தில்தான் வேலை பார்த்தான். அவன் தங்கிச் சாப்பிடும் மெஸ்ஸுக்கு, அவன் பெயருக்கே வெளியூர் டிரங்க் கால் பதிந்திருந்தாள். பெயர் பதிந்த ஆளே மறுமுனையில் வந்து நின்றால்தான் லைன் கொடுப்பார்கள். இருமல் மருந்துக்கு வந்தவர்கள் வாங்கிக்கொண்டு போனார்கள். வெயில் கடைப்படியில் ஏறி, இறங்கியும் விட்டது. அதன் பிறகுதான் மணி அடித்தது.

“நீங்க கேட்ட பார்ட்டி இல்லைங்கிறாங்கம்மா” என்றாள் ஆபரேட்டர்.

“இல்லைன்னா எப்படிம்மா? வெளிய போயிருக்காரா, இல்ல…”

“இல்லைன்னுதான் சொன்னாங்க. மூணு எக்ஸ்சேஞ்ச் தாண்டி எனக்கு வந்த சேதி அவ்வளவுதான்.”

“சொன்னவர் குரல் எப்படி இருந்துச்சுன்னு கேட்டுச் சொல்லுங்கம்மா. அழுதாரா?”

“அதெல்லாம் எப்படிம்மா கேக்கறது?” ஆபரேட்டரின் குரல் சற்று இறங்கியது. “ஒண்ணு செய்யலாம். மெஸ்காரர் பேரைச் சொல்லுங்க, மாத்திப் போடறேன். அவர் லைன்ல வந்தா நீங்களே கேட்டுக்கலாம்.”

மெஸ்காரர் பெயர் செண்பகவல்லிக்குத் தெரியும். நாக்கு நுனிவரை வந்தது. ரிசீவரை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள்.

“வேற யார் பேரும் வேண்டாம்மா” என்றாள். “அவர் பேரே இருக்கட்டும்.”