கியோனோவின் இடுப்பு வலி

"கியோனோ" என்று நர்ஸ் கூப்பிட்டதும், ஊதா கிமோனோவும் இடுப்பைப் பிடித்த கையுமாக ஓர் உருவம் டாக்டர் குரோய்வாவின் எதிரில் போய் உட்கார்ந்தது. அது முனகிய முனகலில் வரிசையிலிருந்த ஒரு கிழவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

டாக்டர் தலையை நிமிர்த்தவில்லை.

"அதே இடுப்பு வலியாம்மா?"

"உக்கார முடியல, நிக்க முடியல டாக்டர். உயிர் போகுது."

"எக்ஸ்ரேல ஒண்ணுமில்ல. எல்லாம் மனசுதான். வீட்டுக்காரர் நாடக நடிகராச்சே, அவர்கிட்டேருந்து தொத்திக்கிச்சு போல. வெந்நீர்ல குளிங்க. அடுத்த ஆள் வரலாம்."

வீட்டில் சுருண்டு படுத்திருந்த கியோனோ, கதவுச் சத்தம் கேட்டுத் தலையை மட்டும் திருப்பினாள்.

"மருந்து குடுத்தாரா? 'உனக்கு வலியைச் சொல்லத் தெரியல, நான் போய்க் காட்டுறேன்'னு என் கிமோனோவைக் கட்டிக்கிட்டுப் போனீங்களே?"

ஸ்திரீபார்ட் போட்டு ஓசாகாவையே அழவைத்த அவள் கணவர் உமெனோசுகே, டோப்பாவைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"நான் ஆம்பளைங்கிறதைக்கூட அவர் பாக்கல."

"எந்த முனகலைப் போட்டீங்க?"

அவர் போட்டது, அவளிடமிருந்து கற்றுக்கொண்ட முனகல்தான். மேடையில் அதற்குக் கைதட்டல் வாங்கிவிட்டு, வீட்டுக்கு வந்து அவளிடம், "நடிக்காதே" என்பார்.